காற்றில் நிற்கும் பிக்கப்

அமெரிக்காவில் சிறிய பிக்கப் வண்டிகளின் எஃகு ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ரப்பர் காற்றுப் பைகளைப் பொருத்தும் ஆர்வலர்கள் பலர். காற்றைத் திறந்துவிட்டால் வண்டி தரையோடு படியும், நிரப்பினால் எழும். இதற்கான கணக்கு: அழுத்தம் × பரப்பு = விசை. 100 சதுர செண்டிமீட்டர் பரப்புள்ள பையில் 5 பார் அழுத்தம் இருந்தால், அது சுமார் 500 கிலோ எடையைத் தாங்கும்.

இப்படிப்பட்ட பழைய வண்டியை வாங்கியவர், காலையில் ஒரு மூலை இறங்கிக் கிடப்பதைக் கண்டதும் கம்ப்ரசரை மாற்ற நினைப்பார். வீண் செலவு! கசிவு நீடித்தால் புதிய கம்ப்ரசரும் ஓயாமல் ஓடி, சூடேறிக் கெடும்.

கசிவைத் தேட வண்டிக்கு அடியில் போக வேண்டும். காற்றை நம்பிப் படுக்காதீர்கள். ஒரு குழாய் கழன்றால் வண்டி நொடியில் இறங்கிவிடும். சேசிஸுக்குக் கீழே உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள் இருக்கட்டும். பிறகு இணைப்புகள், வால்வுகள், பையின் மடிப்புகள் எங்கும் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி எழும் இடத்தில்தான் கசிவு. குழாய் முனை தேய்ந்திருந்தால், நேராக வெட்டி மீண்டும் செருகினாலே பெரும்பாலும் சரியாகும். ரப்பரே வெடித்திருந்தால் ஒட்டுப் போடாமல் பையை மாற்றுங்கள்.

காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அதிலுள்ள நீராவி நீராகும். டெக்ஸஸ் கடலோரம் போன்ற ஈரமான இடங்களில் இது அதிகம். தொட்டியின் அடித்திருகைத் திறக்கும் முன் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். வடியும் நீர் துருநிறமாக இருந்தால், எஃகுத் தொட்டி உள்ளே அரிக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும்.