வணிகக் கதை எப்போது சுவைக்கும்?

காதல் கதை சுவைக்கும். வீரக் கதை சுவைக்கும். வாணிகம் செய்தவன் கதை சுவைக்குமா? மூலதனம், பங்கு, இலாபம், நட்டம் என்று பேச்சாளர் தொடங்கியதுமே மன்றத்தின் பின்வரிசை காலியாகத் தொடங்குகிறது. குற்றம் வாணிகத்தின்மேல் அன்று, சொல்லும் முறையின்மேல்தான். விஞ்ஞான மாணவர் பழக்கப்படி, ஒரே கதையை இரு முறையாகச் சொல்லி விளைவைக் காண்போம்.

முதல் முறை இது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் கோலோச்சிய காலத்தில், வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன.

அத்தனையும் உண்மை. ஆயினும் கேட்பவர் கொட்டாவி விடுகிறார்.

இனி இரண்டாம் முறை. வெள்ளையர் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளையர் கம்பெனி விடவில்லை. பயணம் இலவசம், அதோடு ஆளுக்கு ஒரு குடையும் இனாம் என்றது!

இப்போது கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். காரணங்கள் மூன்று.

முதலாவது, எண் கைக்கு அடங்கியது. பத்து இலட்சத்தை நம்மில் பலர் கண்ணால் கண்டதில்லை. எட்டணாவோ ஏழையும் மடியில் முடிந்து வைத்த காசு.

இரண்டாவது, அடிக்கு மறு அடி விழுகிறது. அடுத்து என்ன என்ற ஆவல் தானே பிறக்கிறது.

மூன்றாவதே தலையாயது. தீர்ப்புக் கூறும் பொறுப்பு கேட்பவரிடமே வந்து விடுகிறது. துறைமுகத்தில் நிற்கும் ஏழைப் பயணி எந்தக் கப்பலில் ஏறுவான்? விடுமுறைக்கு ஊர் செல்ல, எந்த ரயிலில் நூறு ரூபாய் மிச்சமாகும் என்று பார்ப்பவர்கள் நாம். அந்தக் குடையை வேண்டாம் என்று சொல்லியிருப்போமா?

நம் காலத்துச் சான்றும் ஒன்று உண்டு. துவாரகாவில் நம் தலைக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து இறங்குவதை நாள்தோறும் பார்க்கிறோம். எளியவரையும் அவற்றில் ஏற்ற வேண்டும் என்று கேப்டன் கோபிநாத் 2003-இல் ஏர் டெக்கானைப் பறக்க விட்டார். ஒரு ரூபாய்க்கும் சில இருக்கைகளை விற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2020-இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ படத்தில், சாகக் கிடக்கும் தந்தையைக் காண டிக்கெட்டுக்குப் பணம் போதாமல், நாயகன் விமான நிலையத்தில் முன்பின் அறியாதவர்களிடம் கையேந்துகிறான். குறைந்த கட்டணம் எதற்கு என்பதை ஆயிரம் புள்ளிவிவரங்களைவிட அந்தக் காட்சி தெளிவாக விளக்கிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சுவைக்காகக் கணக்கை மறைத்தல் ஆகாது. படம் வெற்றியில் முடிகிறது. ஏர் டெக்கானோ 2008-இல் கிங்ஃபிஷரோடு இணைந்து பெயரையும் இழந்தது. வ. உ. சி. கதையும் அப்படியே. பல கடல்வழிகளில் கப்பல் விட்ட பெரிய கம்பெனி, ஒரு வழியில் வரும் நட்டத்தை மற்ற வழிகளின் வருவாயால் தாங்கும். ஒரே வழியை நம்பிய கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? அதோடு 1908 மார்ச் 12-இல் வ. உ. சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வீரத்தை மட்டும் பாடி இக்கணக்கை விட்டுவிட்டால், கேட்பவர் கைதட்டுவார், ஒன்றும் கற்கமாட்டார்.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஊர் ஆலையைப் பற்றியோ கடையைப் பற்றியோ மன்றத்தில் பேச நேர்ந்தால், மூலதனத்தில் தொடங்காதீர்கள். ஒரு பொருளின் விலையையும், அதை வாங்கக் காசை எண்ணி நின்ற ஒருவரையும் முதலில் காட்டுங்கள். கணக்கைப் பின்னர்ச் சொல்லுங்கள். ஆனால் முழுவதும் சொல்லுங்கள்.