கட்டு எது, காவல் எது?

மாட்டை முளையில் கட்டும் உழவரைக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்தில் போட்ட முடிச்சை அவர் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். மாடு தலையை உதறினால் கயிறு கழன்றுவிடுமா என்று ஒரு முறை. மாடு மிரண்டு இழுத்தால் முடிச்சு இறுகிக் கழுத்தை நெரித்துவிடுமா என்று இன்னொரு முறை. கழலவும் கூடாது, இறுகவும் கூடாது. இரண்டும் பொருந்தினால்தான் அது நல்ல கட்டு.

மனிதரையே கட்ட வேண்டிய நிலையும் சில வேளைகளில் வருகிறது. கடுங்காய்ச்சலில் பிதற்றி எழுந்து ஓடுபவர், தலையில் அடிபட்டு நினைவு குழம்பியவர், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோனவர், நெடுநாள் மதுப்பழக்கத்தைத் திடீரென நிறுத்தியதால் நடுங்கிப் பதறுபவர், மனநோயின் கடுமையான கட்டத்தில் இருப்பவர் ஆகியோருள் சிலர் தம்மையோ அருகிலிருப்பவரையோ தாக்க முற்படலாம். மனநோயுள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பதையும் இங்கேயே நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தகையவரைத் தடுக்கக் கயிறு, சங்கிலி, கைவிலங்கு, கட்டுச்சட்டை, மருந்து என்று பலவற்றையும் மனிதர் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். இவற்றுள் எது நம்பகமானது? உழவரின் இரண்டு கேள்விகளையே அளவுகோலாகக் கொண்டு ஆராய்வோம். ஒன்று: கட்டு கழலாமல் நிற்கிறதா? இரண்டு: கட்டப்பட்டவருக்குக் கேடு செய்யாமல் இருக்கிறதா?

மணிக்கட்டும் கையும்

கைவிலங்கு எதனால் கழல்வதில்லை? உங்கள் இடது மணிக்கட்டைச் சுற்றி வலது கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் ஒரு வளையம் அமைத்துப் பாருங்கள். வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு இடது கையை வெளியே இழுங்கள். கட்டைவிரலின் அடிப்பகுதி வந்து தடுக்கும். மணிக்கட்டு குறுகலாகவும் கை அகலமாகவும் இருப்பதே விலங்கின் அடிப்படை. வளையல் அணியும் பெண்கள் நன்கு அறிந்த உண்மை இது.

எல்லா மனிதருக்கும் இந்த அளவு ஒன்றாக இருப்பதில்லை. லண்டனில் பெத்லம் என்னும் பழைய மனநோய் மருத்துவமனை இருந்தது. 1814-ஆம் ஆண்டு அங்கே சென்ற எட்வர்ட் வேக்ஃபீல்டு என்னும் சீர்திருத்தவாதி, ஜேம்ஸ் நாரிஸ் என்ற நோயாளியைக் கண்டார். நாரிஸின் கழுத்தில் இரும்பு வளையம். அது குட்டையான சங்கிலியால் சுவரோரம் நட்ட இரும்புத் தூணில் பிணைக்கப்பட்டிருந்தது. இடுப்பையும் கைகளையும் சேர்த்து இறுக்கிய இரும்புப் பட்டை வேறு. அவர் எழுந்து நிற்கலாம், மல்லாந்து படுக்கலாம், புரண்டு படுக்க முடியாது. பல ஆண்டுகள் அவர் இப்படியே வைக்கப்பட்டிருந்தார். இதற்கு மருத்துவமனையார் சொன்ன காரணம், அவருடைய கைகள் சிறுத்திருந்ததால் சாதாரண விலங்குகள் நழுவிவிட்டன என்பதே!

முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடினால் என்ன நேரும் என்பதற்கு நாரிஸ் சான்றாக நிற்கிறார். விலங்கு தவறியது, உடனே அதைவிடக் கனமான இரும்பைத் தேடினார்கள். இரும்பிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்னர், 1815-ஆம் ஆண்டு அவர் நோயுற்று இறந்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று இத்தகைய கொடுமைகளை விசாரித்தது.

அழுத்தக் கணக்கு

அழுத்தம் என்பது ஓரலகு பரப்பின் மீது செயல்படும் விசை என்று படித்திருக்கிறீர்கள். அதை இங்கே பயன்படுத்துவோம். ஒருவர் திமிறும்போது கட்டின் மீது 60 நியூட்டன் விசை விழுகிறது என்று கொள்வோம். கயிற்றின் அகலம் அரை சென்டிமீட்டர். அது தோலைத் தொடும் நீளம் 10 சென்டிமீட்டர். பரப்பு 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 12 நியூட்டன். கயிற்றுக்குப் பதில் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள மெத்தென்ற பட்டையைக் கட்டினால் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 1.2 நியூட்டனாகக் குறைகிறது. திமிறும் விசை அதேதான். தோல் தாங்க வேண்டிய அழுத்தமோ பத்தில் ஒரு பங்கு!

மருத்துவமனைகளில் அகலமான பட்டைகளைப் பயன்படுத்துவதன் காரணம் இதுவே. மெல்லிய கயிறோ குறுகிய உலோக வளையமோ ஆபத்தானது. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டின் எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றே கீழாக ஓர் உணர்ச்சி நரம்பு செல்கிறது. எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே அது நசுங்கினால் கையின் பின்புறம் மரத்துப்போகும். அந்த மரப்பு வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில்கூட நீடிக்கும்.

கைவிலங்கிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1862-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டபிள்யூ. வி. ஆடம்ஸ் என்பவர் பற்கள் கொண்ட விலங்குக்குக் காப்புரிமை பெற்றார். ரம்பம் போன்ற பற்கள் ஒரு திசையில் மட்டும் நகர விடும். எனவே எந்த அளவுள்ள கைக்கும் விலங்கைப் பொருத்தலாம். கழலும் குறை பெரிதும் நீங்கியது. ஆனால் இறுகும் குறை தோன்றிவிட்டது. கட்டப்பட்டவர் திமிறினாலோ அதன் மேல் சாய்ந்தாலோ, பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே சென்று வளையம் மேலும் இறுகும். அதைத் தடுக்கவே விலங்குகளில் இரண்டாவது பூட்டு ஒன்று வைக்கப்படுகிறது. அதைப் போட்டால் வளையம் எந்தப் பக்கமும் நகராது. போட மறந்தால், நல்ல விலங்கும் சுருக்குக் கயிறாகிவிடும்.

இரும்பு போய்த் துணி வந்தது

பாரிசு நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் ஜான் பாப்திஸ்த் பியூசன் என்பவர் மேற்பார்வையாளராக இருந்தார். அவர் அதே மருத்துவமனையில் நோயாளியாக இருந்து குணமடைந்தவர். 1797-ஆம் ஆண்டு அவர் அங்கிருந்தவர்களின் சங்கிலிகளை அகற்றினார். அவரிடம் பாடம் கற்ற மருத்துவர் பினெல் உலகப் புகழ் பெற்றார். சங்கிலிக்குப் பதிலாக அங்கே வந்தது கட்டுச்சட்டை. முரட்டுத் துணியில் தைத்த சட்டை. கையைவிட நீண்ட சட்டைக்கைகள். கைகளை மார்பின் குறுக்கே மடித்து, சட்டைக்கைகளின் நுனியை முதுகுப்புறம் கட்டிவிடுவார்கள். இரும்பு பட்ட புண் இதில் இல்லை.

ஆனால் இதுவும் முழு நம்பகமானதன்று. தளர்வாகக் கட்டினால் கழலும். ஹூடினி என்ற வித்தைக்காரர் மக்கள் கண்முன்னே இத்தகைய சட்டையிலிருந்து விடுபட்டுக் காட்டிப் பேர் வாங்கினார். இறுக்கிக் கட்டினாலோ அதைவிடப் பெரிய அபாயம். நாம் மூச்சிழுக்கும்போது விலா எலும்புகள் மேலெழுந்து மார்பு விரிகிறது. உதரவிதானம் கீழிறங்கி வயிறு முன்னே தள்ளுகிறது. மார்பைத் துணி இறுக்கினாலோ, ஒருவரைக் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தினாலோ இந்த இரண்டு அசைவுகளும் தடைப்படும். திமிறும் உடலுக்கு ஆக்சிஜன் தேவை மிகுதி, கிடைப்பதோ குறைவு. மூச்சுக்குத் தவிப்பவர் இன்னும் கடுமையாகத் திமிறுவார். பிடித்திருப்பவர், “வெறி அடங்கவில்லை” என்று எண்ணி இன்னும் அழுத்துவார். இப்படி உயிரிழந்தோர் பல நாடுகளில் உண்டு.

நெடுநேரம் அசையாமல் கிடப்பதிலும் தீங்கிருக்கிறது. கால் தசைகள் சுருங்கி விரியும்போதுதான் சிரைகளில் உள்ள இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. கால் அசையாவிட்டால் இரத்தம் தேங்கிக் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடு.

லிங்கன் நகர் தந்த எண்கள்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஒரு மனநோய் மருத்துவமனை இருந்தது. 1829-ஆம் ஆண்டு ஒரு நோயாளியைக் கட்டுச்சட்டை அணிவித்துக் கட்டிலோடு பிணைத்துவிட்டு இரவு தனியே விட்டுச் சென்றனர். காலையில் அவர் இறந்து கிடந்தார். கட்டு கழலவில்லை, அவர்தான் இல்லை.

இதன் பின்னர் அங்கே ஒரு விதி செய்யப்பட்டது. இரவில் எவரையேனும் கட்டிவைத்தால், ஊழியர் ஒருவர் அந்த அறையிலேயே விழித்திருக்க வேண்டும். எளிய விதிதான், விளைவு பெரிது. ஆள் ஒருவர் அருகிலேயே இருக்கும்போது பலரைக் கட்டவே தேவையில்லை என்பது தெரியவந்தது! மருத்துவர் சார்ல்ஸ்வொர்த் கட்டுவதைப் படிப்படியாகக் குறைத்தார். 1835-இல் அங்கே பணியேற்ற ராபர்ட் கார்டினர் ஹில் என்னும் இளம் மருத்துவர் அதை முற்றிலும் கைவிட முனைந்தார். அவர் வெளியிட்ட கணக்கில் சில ஆண்டுகளைப் பாருங்கள்:

1830 — நோயாளர் 92. கட்டப்பட்டிருந்த மொத்த நேரம் 27,113 மணி
1832 — நோயாளர் 81, 15,671 மணி
1834 — நோயாளர் 109, 6,597 மணி
1836 — நோயாளர் 115, 334 மணி
1837 — நோயாளர் 130, 28 மணி
1838 — நோயாளர் 148, கட்டப்பட்டவர் எவருமில்லை

நோயாளரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கட்டிய நேரம் குறைந்திருக்கிறது. 1830-இல் சராசரியாக ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 295 மணி. 1836-இல் 3 மணிக்கும் குறைவு.

அறிவியல் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? வலிமையும் பொறுமையும் உள்ள ஊழியர்களை வைத்தார்கள். இரவுக் காவலையும் ஏற்படுத்தினார்கள். ஆக, கட்டு செய்த வேலையைக் கண்ணும் கையும் செய்தன. 1839-ஆம் ஆண்டு ஜான் கானலி என்னும் மருத்துவர் லண்டனுக்கு அருகிலுள்ள ஹான்வெல் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். சுமார் 800 நோயாளர் கொண்ட அந்தப் பெரிய இடத்திலும் சில மாதங்களிலேயே கட்டுகளை அவர் அகற்றிக் காட்டினார். குறை கூறியோரும் இருந்தனர். கட்டை அவிழ்த்துவிட்டுத் தனி அறையில் பூட்டுவதும் ஒருவகைக் கட்டுதானே என்று கேட்டனர். அந்தக் கேள்வி நியாயமானதே.

மருந்தும் கட்டாகலாம்

1952-ஆம் ஆண்டு பாரிசில் மருத்துவர்கள் டிலே, டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்து, கடும் பதற்றம் தணிவதைக் கண்டனர். மருத்துவமனைகளின் தோற்றமே மாறியது. நோயைத் தணிக்கும் மருந்து பெரிய வரம். ஆனால் நோயாளி தொல்லை தராமல் கிடக்கட்டும் என்பதற்காகவே கொடுத்தால், அது கண்ணுக்குத் தெரியாத சங்கிலியாகிவிடும். மயக்கும் மருந்து மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும். எனவே மருந்து கொடுத்த பின்னும் அருகிலிருந்து கவனிக்க ஆள் வேண்டும்.

மேலும், பதறுவதன் காரணம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். சர்க்கரை குறைந்ததால் முரண்டு பிடிப்பவருக்குக் குளுக்கோசுதான் மருந்து. அவரை எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும் மூளை பட்டினி கிடப்பது தீராது.

நம் மண்ணில் ஒரு பாடம்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட வழியில்லை. 28 பேர் மாண்டனர். அந்தச் சங்கிலிகள் அறுபடவில்லை. முதல் கேள்விப்படி பார்த்தால் அவை மிகமிக “நம்பகமானவை”. அவசரம் வரும்போது உடனே அவிழ்க்க முடியாத கட்டு, எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு கொடியது.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயுள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்துள்ளது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் ஒருவரைக் கட்டலாம். அதற்கு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்கக் கூடாது. தண்டனையாகவோ, ஊழியர் போதவில்லை என்பதற்காகவோ கட்டக் கூடாது.

ஊழியர் போதவில்லை என்ற சொற்களைக் கவனியுங்கள். லிங்கன் நகரின் எண்களில் நாம் கண்ட உண்மை சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது. கயிறு, விலங்கு, சட்டை, மருந்து ஆகிய எதுவும் தானாக நம்பகமானதாக இருப்பதில்லை. அகலமான பட்டை, எளிதில் அவிழும் பூட்டு, குறைந்த நேரம் ஆகியவை தீங்கைக் குறைக்கும். அருகில் விழித்திருக்கும் பயிற்சி பெற்ற மனிதரோ கட்டு கழலாமலும் பார்த்துக்கொள்வார், இறுகாமலும் பார்த்துக்கொள்வார். பல வேளைகளில் கட்டே வேண்டாதபடியும் செய்துவிடுவார்.

செய்து பாருங்கள்

1. புத்தகப் பையில் ஒரு மெல்லிய நூற்கயிற்றைக் கட்டி, இரண்டு விரல்களால் தூக்குங்கள். பிறகு கயிற்றின் கீழே நான்காக மடித்த கைக்குட்டையை வைத்துத் தூக்குங்கள். விரலில் விழும் தடங்களை ஒப்பிட்டுக் காரணம் எழுதுங்கள். (எவரையும் கட்டிப் பார்க்க வேண்டாம்.)

2. லிங்கன் கணக்கில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நோயாளியின் சராசரி நேரத்தைக் கணக்கிட்டு வரைபடம் வரையுங்கள். எந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் சராசரி மிகுதியாகக் குறைந்தது?

3. இந்தக் கணக்கு முழு உண்மையையும் சொல்கிறதா என்று தீர்மானிக்க இன்னும் என்னென்ன விவரங்கள் தேவை? மூன்றைக் குறிப்பிட்டு வகுப்பில் விவாதியுங்கள்.