நகையும் அழுகையும் ஒரே மேடையில்

காதல் முறிவைப் பாடும் பாடல்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால், சிரிப்பூட்டிக்கொண்டே அழவைக்கும் பாடலை எவ்வாறு புரிந்துகொள்வது? மேலைநாட்டில் ‘டார்க் காபரே’ எனப்படும் இசைவகையைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காபரே என்றவுடன் தமிழ்த் திரைப்படங்களில் வரும் கவர்ச்சி நடனமே நம் நினைவுக்கு வரும். 1920களில் பெர்லின் நகர விடுதிகளிலோ அது சமுதாயப் போலித்தனத்தை எள்ளி நகையாடும் மேடையாகவும் விளங்கியது. அம்மரபைப் பின்பற்றியவர்களுள் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் தோன்றிய ‘தி டிரெஸ்டன் டால்ஸ்’ குழு குறிப்பிடத்தக்கது. பியானோ இசைத்துப் பாடும் அமண்டா பால்மர், டிரம் வாசிக்கும் பிரையன் விக்லியோன் ஆகிய இருவரும் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி மேடையேறினர். குழுவின் பெயரையே தாங்கிய முதல் இசைத்தொகுப்பு 2003இல் வெளிவந்தது. அதில் ‘காயின் ஆப்பரேட்டட் பாய்’ என்ற பாடல், காசு போட்டால் இயங்கும் பொம்மைக் காதலனைப் பற்றியது. விளையாட்டாகத் தொடங்கும் இசை, இடையில் பழுதடைந்த பொம்மைபோல் ஒரே இடத்தில் சிக்கித் திக்குகிறது. அங்கே நம் சிரிப்பு நின்றுவிடுகிறது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைக்கிறார். அழுகை பிறக்கும் களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. காதல் முறிவு என்றால் நாம் இழவை மட்டுமே எண்ணுகிறோம். பிறரால் இகழப்படும் இளிவை மறந்துவிடுகிறோம்.

இளிவுக்கு நம் பினாங்கு மண்ணிலேயே சான்றுண்டு. 1929இல் ஜார்ஜ்டவுனில் பிறந்த பி. ரம்லி, ‘இபு மெர்துவாக்கு’ (என் மாமியார்) என்ற படத்தை 1962இல் இயக்கி நடித்தார். இது டார்க் காபரே அன்று. எனினும் மேடையில் நிற்பவனின் துயரம் இதிலும் உண்டு. சாக்சபோன் கலைஞன் காசிம் செலாமாட்டைச் செல்வந்தரான மாமியார் இழிவாகக் கருதுகிறார். மகள் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி அனுப்புகிறார். காசிம் அழுதழுது பார்வையிழக்கிறான். பின்னர் வேறொரு பெயரில் மேடையேறுகிறான். அரங்கம் கைதட்டி மகிழ்கிறது. சிகிச்சையால் பார்வை திரும்பி, உண்மை தெரிந்தபின், முள்கரண்டிகளால் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

இப்படத்தின் ‘டி மானா கான் கு சாரி கந்தி’ பாடலை இடைநிலைப்பள்ளியில் மலாய் நண்பர்கள் பாடக் கேட்டிருக்கிறேன். மனைவியை இழந்தவனின் புலம்பல் என்றே அன்று எண்ணினேன். மெய்ப்பாட்டியல் படித்த பின்னரே, அந்த இழவுக்கு வேராக இளிவு இருப்பது புலப்பட்டது. அவன் மனைவியை இழந்தது கலைஞனாக இருந்த குற்றத்திற்காக!

இசை பயில விரும்பும் பிள்ளையிடம், “அது சோறு போடுமா?” என்று கேட்கும் வீடுகள் நம்மிடையேயும் உள்ளன. அதே வீட்டுத் திருமணத்தில் பாட வருபவருக்கு நாம் மனமாரக் கைதட்டுகிறோம். அடுத்த முறை கைதட்டும்போது, மாமியாரின் இருக்கையில் நாமும் அமர்ந்திருக்கிறோமா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.