அறுந்த இழையை ஒட்டுவது யார்?

நம் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. முறுக்கிய இரட்டை இழையாகும். புகையிலைப் புகை அதனைச் சிதைக்கும். செப்பனிடப்படாத பழுது நுரையீரல் புற்றுநோய்க்கு வித்தாகலாம். இராஜபாளையம் நூற்பாலையில் இழை அறுந்தால் சைடர் ஒட்டுவார். மேஸ்திரி நூற்பதில்லை, வேலையை நடத்துவார். புரதம் உண்டாக்காத ஆர்.என்.ஏ.க்கள் பல இத்தகைய மேஸ்திரிகளே!

மனித டி.என்.ஏ.வில் புரதத்திற்கான பகுதி 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சியதை ஒரு காலத்தில் வீண் என்றனர். 1993-இல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வெளிப்படுத்திய அம்புரோஸ், ருவ்கன் இருவரும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். 2003-இல் நுரையீரல் புற்று ஆய்வில் ‘மாலட்-1’ என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. அறியப்பட்டது.

சிஸ்பிளாட்டின் மருந்து புற்றணுவின் டி.என்.ஏ.வைப் பழுதாக்கி அதனைக் கொல்கிறது. ஆனால் சில ஆர்.என்.ஏ.க்கள் ஒட்டுவேலையைத் தூண்ட, புற்றணு பிழைத்துக்கொள்கிறது. நல்ல அணுவைக் காக்கும் வேலையே இங்குப் பகையாகிறது! அத்தகைய ஆர்.என்.ஏ.வை அடக்கினால் மருந்து பலிக்கும் என்பது ஆய்வாளர் நம்பிக்கை. எனினும் பாதை நெடிது. மைக்ரோ ஆர்.என்.ஏ.-34ஐப் போலச் செய்த மருந்தின் மனிதச் சோதனை 2013-இல் தொடங்கி, கடும் எதிர்விளைவுகளால் 2016-இல் நின்றது.

பள்ளிப் படிப்பைத் தாண்டாத, ஆலையில் சைடராக உழைக்கும் என் தாயாரிடம் இதனைக் கூறினேன். “இழை அறாமப் பார்க்கிறதுதானப்பா மொத வேலை?” என்றார். திருவில்லிபுத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் பீடி பற்றவைக்கும் தோழர்களே, அம்முதல் வேலை நம் கையில் அன்றோ இருக்கிறது!