பனியில் செய்த பெண்

நான் நாவல்கள் அதிகம் படித்தவனல்ல. அலாஸ்கா ரயில் பாதை வருகிறது என்று நண்பர் ஒருவர் சொன்னதால்தான் ‘தி ஸ்நோ சைல்டு’ என்ற ஆங்கில நாவலை எடுத்தேன். அலாஸ்காவில் வளர்ந்த இயோவின் ஐவி எழுதி 2012-ல் வெளிவந்த இந்நூல், மறு ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இதன் வேர் ஒரு ரஷ்ய நாடோடிக் கதை. பிள்ளையில்லாத கிழத் தம்பதி பனியில் ஒரு பெண்ணைச் செய்கிறார்கள். அவள் உயிர் பெறுகிறாள். வெயில் வந்ததும் கரைந்து போகிறாள். ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1882-ல் இசை நாடகமாக்கிய ‘பனிக் கன்னி’யும் இந்த மரபில் வந்ததே.

நாவல் நடப்பது 1920-ல். செவார்டிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை சுமார் 750 கி.மீ. பாதையை அமெரிக்க அரசு போட்டுக்கொண்டிருந்த காலம். (1923-ல் ஜனாதிபதி ஹார்டிங் பொன் ஆணி அடித்து அதை நிறைவு செய்தார்.) அந்தக் காட்டில் நிலம் திருத்த வருகிறார்கள் ஜாக்கும் மேபலும். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை இறந்தே பிறந்தது. உறவினர் வீட்டுக் குழந்தைகளின் சத்தத்திலிருந்தும், ஊராரின் பரிதாபப் பார்வையிலிருந்தும் தப்பி வந்தவர்கள். ஆனால் காட்டின் அமைதியைவிட வீட்டுக்குள் இருந்த மௌனம் பெரிது.

முதல் பனி விழும் இரவு இருவரும் சிறுபிள்ளைகள்போல் விளையாடி, ஒரு பனிப் பெண்ணைச் செய்து, கழுத்துத் துணியும் கையுறையும் அணிவிக்கிறார்கள். காலையில் அவை இல்லை. காட்டை நோக்கிச் சிறு காலடித் தடங்கள். பிறகு செந்நரியோடு ஃபைனா என்ற சிறுமி வருகிறாள். மேபல் அவளுக்கு நீலக் கம்பளிக் கோட்டு தைக்கிறாள்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அவள் மாயப் பெண்ணா, அனாதைச் சிறுமியா? ஆசிரியை இரண்டுக்கும் இடம் வைக்கிறார். ஃபைனா இருக்கும் காட்சிகளில் உரையாடலுக்கு மேற்கோள் குறியே இல்லை. பேச்சும் நினைவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இரண்டு, பழங்கதையின் முடிவு மேபலுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அன்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஃபைனா வளர்ந்து, மணந்து, ஒரு மகனைப் பெற்றபின் பனியில் மறைகிறாள். பேரன் மிஞ்சுகிறான்.

அற்புதம் எப்போது தொடங்கியது? சிறுமி வந்தபோது என்பார்கள். இருவரும் சேர்ந்து சிரித்த அந்த இரவிலேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. எங்களுக்கும் பிள்ளைகள் இல்லை. 1989-ல் இட்டார்சிக்கும் நாக்பூருக்கும் இடையே காட்டோரச் சிறு ஸ்டேஷன் ஒன்றில் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தேன். குளிர்காலத்தில் என் மனைவி ஒரு சின்ன ஸ்வெட்டர் பின்னினாள். பின்பு அது ட்ரங்குப் பெட்டிக்குள் போனது. அவள் மனம் நோகக் கூடாதென்று நான் கேட்கவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று அவளும் சொல்லவில்லை. தண்டவாளத்தில் மூட்டுக்கு மூட்டு இடைவெளி விடுவது எங்கள் தொழில். அளவு மீறினால் பாதை கெடும் என்பதும் எனக்குத் தெரியும்.

நீலக் கோட்டு வரும் பகுதியைப் படித்த இரவு கதையை அவளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டேன். “இத்தனை வருஷமா நீங்க கேக்கவே இல்லையே” என்றாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள்.

அன்பர்கள் இந்நாவலைத் தம்பதியாகப் படிப்பது நல்லது.