தோட்டப்புறத்தில் தனியார் பாடசாலை

கேள்வி: இலங்கையின் தெஹியோவிட்ட தோட்டப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை தொடங்கலாமா?

பதில்: அரச மானியத்துடன் மிஷன் முதலிய அமைப்புகள் நடத்திய ‘உதவி பெறும் பாடசாலை’களைப் பற்றிய 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயது வரையானோருக்குப் புதிய தனியார் பாடசாலை நிறுவுவதைத் தடுக்கிறது. ‘சர்வதேசப் பாடசாலை’ எனப்படுபவை கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட வணிக நிறுவனங்களே. கட்டணத்தையே நம்பியிருக்கும் அவை, நாட்சம்பளத்தில் வாழும் றப்பர் பால்வெட்டும் குடும்பங்களுக்கு எட்டாதவை. ஆகவே, அதிகாலையிலேயே பெற்றோர் வேலைக்குப் புறப்படும் லயன் குடியிருப்புகளுக்கு அருகே, சப்ரகமுவ மாகாண அதிகாரிகளின் வழிகாட்டலுடன் தரமான தமிழ்மொழி முன்பள்ளியையும், சாதாரண தர மாணவருக்குக் கணித, விஞ்ஞான மாலை வகுப்புகளையும் அமைத்து, இருக்கும் அரச பாடசாலையை வலுப்படுத்துவதே பிள்ளைகளுக்கு உண்மையான பயன் தரும்.