காஷ் என்னும் சொல்

சென்ற மாதம் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை அடுத்த பகுதியில் அங்கத்தினர் கல்வி வகுப்பொன்று நடத்தினோம். நெசவாளரும் மணிலா பயிரிடுவோருமாக முப்பது பேர் வந்திருந்தனர். காஷ் புக் எழுதும் முறையை விளக்கத் தொடங்கியதும் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, “ஐயா, காஷ் என்பது நம் காசுதானே? நம்மிடம் எடுத்ததையே வெள்ளைக்காரன் நமக்குத் திருப்பித் தந்தானா?” என்று வினவினார். வகுப்பு சிரித்தது. ஆயினும் அது சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று.

ஆங்கிலத்தில் காஷ் என ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள. ரொக்கத்தைக் குறிப்பது ஒன்று. அதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘காப்சா’, பொருள் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றும் பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் வழங்கி, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்தது. அந்நாளில் காஷ் என்றால் பணப்பெட்டியே. நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்பரே, அவ்வாறு பெட்டியின் பெயர் உள்ளிருக்கும் பணத்திற்கு ஆயிற்று; பெட்டி என்ற பொருள் நாளடைவில் மறைந்தது. காஷியர் என்பவரும் முதலில் பெட்டிக்காரரே.

மற்றொரு காஷ் நம்முடையது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காணப்படும் காசு, போர்த்துகீசியர் நாவில் ‘காய்ஷா’ என்றாயிற்று. வேடிக்கை என்னவெனில், அவர்கள் மொழியிலும் காய்ஷா என்றால் பெட்டி! புதிதாய்க் கேட்ட சொல்லைப் பழகிய சொல்லுக்குள் அடைத்துக்கொண்டனர் போலும். அவர்கள் வழியாக ஆங்கிலேயர் அதனைச் சிறு நாணயங்களுக்குப் பெயராக்கினர். சீனத்தின் சதுரத் துளையிட்ட செப்புக் காசையும் அப்பெயராலேயே அழைத்தனர். சென்னையில் கம்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் ரூபாய்க் கணக்கு வந்தபின் அம்முறை ஒழிந்தது.

ஆகவே பெரியவரிடம், “பாதி சரி” என்றோம். நம் காசு ஆங்கிலத்திற்குச் சென்றது மெய். ஆனால் காஷ் புக்கில் உள்ள காஷ் அதுவன்று, அது பெட்டி.

இதைச் சொல்லாராய்ச்சி என்று மட்டும் கொள்ளற்க. சில ஆண்டுகட்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு முன்னறிவிப்பின்றித் தணிக்கைக்குச் சென்றோம். காஷ் புக்கின்படி கையிருப்பு 18,460 ரூபாய். பெட்டியைத் திறந்து எண்ணினால் 2,110 ரூபாயே இருந்தது. “மீதி என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது” என்றார் காரியதரிசி. மாலைக்குள் கொண்டுவந்தும் வைத்தார். ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆயினும் நாம் குறிப்பெழுதினோம். ஏனெனில் இரு நாட்கள் முன்பு சேலைகளைக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்ட நால்வரிடம் “காஷ் இல்லை” என்று கூறப்பட்டது. அவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தனர். புத்தகத்தில் இருந்த பணம் பெட்டியில் இல்லை. அதனால் அது அவர்களுக்கும் இல்லை.

இந்நாளில் பெட்டி உருமாறிவிட்டது. தீபத்திற்கு வருவோர் சங்கக் கடையில் வேட்டி வாங்கினால், மேசைமேல் உள்ள அட்டைக்கு நேரே கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகின்றனர். அப்பணம் சேருமிடம் சங்கத்தின் பாங்குக் கணக்கா, அன்றிக் கடையில் அமர்ந்திருப்பவரின் சொந்தக் கணக்கா? அங்கத்தினர் எவரும் பத்து ரூபாய் செலுத்திப் பார்க்கலாம். பணம் பெறுபவரின் பெயர் கைப்பேசியில் தெரியும். அது சங்கத்தின் பெயராக இல்லையெனில் அன்றே தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.